பாதமும் பாரமும்: சப்பாத்தின் உள்மெத்தை ஆற்றும் பணி

மனித உடலின் உறுப்புகளுள் மிகுந்த பாரத்தைத் தாங்குவது பாதம். மிகக் குறைந்த கவனிப்பைப் பெறுவதும் அதுவே. பழந்தமிழர் காலணியைத் ‘தொடுதோல்’ என வழங்கினர். இராமபிரானின் பாதுகை அரியணை ஏறிய வரலாற்றை அறியாதார் இலர். எனினும், முள்ளையும் கல்லையும் வெம்மையையும் தடுக்கும் கவசம் என்ற அளவிலேயே காலணி நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பாதத்தின் மீது விழும் பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் கருவியாகவும் அது அமையக்கூடும் என்ற உண்மை சென்ற நூற்றாண்டிலேயே முறையான ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. அவ்வாராய்ச்சி வளர்ந்த இடங்களுள் தமிழ்நாட்டின் வேலூர் சிறப்பிடம் பெறுவது. அதன் பயனை இன்று பெரிதும் வேண்டி நிற்போருள் இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் அடங்குவர். அவ்வாராய்ச்சி கண்ட உண்மை யாது, மலைநாட்டுப் பாதங்களுக்கு அது எவ்வாறு உதவும் என்பவற்றை ஆராய்வது பயனுடையது.

சப்பாத்தினுள்ளோ செருப்பின் மேற்பரப்பிலோ, உள்ளங்காலுக்கும் அடித்தட்டுக்கும் இடையே அமையும் மென்மையான தட்டே ‘இன்சோல்’ எனக் கடைகளில் விற்கப்படுவது. அதனை உள்மெத்தை எனலாம். பார்வைக்கு எளிய பொருளாயினும், அதன் தொழிலை விளங்கிக்கொள்ள முதலிற் பாதத்தின் அமைப்பை அறிதல் வேண்டும்.

பாதத்தின் அமைப்பு

ஒரு பாதத்தில் 26 என்புகள் உள்ளன. இரண்டு பாதங்களிலும் சேர்த்து 52. வளர்ந்த மனிதனின் உடலிலுள்ள 206 என்புகளுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு பாதங்களிலேயே அமைந்திருப்பது வியத்தற்குரியது. இவ்வென்புகள் தட்டையாக அடுக்கப்பட்டவை அல்ல. பாலத்தின் வளைவைப் போல நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் வளைந்து நிற்பவை. குதிகாலிலிருந்து விரல்களை நோக்கிச் செல்லும் உறுதியான ஒரு நார்ப்பட்டை இவ்வளைவை வில்லின் நாண்போல இழுத்துப் பிடிக்கின்றது. விரல்கள் மேல்நோக்கி மடங்கும்போது இந்நார்ப்பட்டை இறுகி வளைவை உயர்த்துகின்றது என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிக்ஸ் என்பவர் 1954ஆம் ஆண்டில் விளக்கினார். குதிகாலின் அடியில் நார்ச் சுவர்களால் அறைகளாகப் பிரிக்கப்பட்ட கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. ஆகவே இயற்கை தானே ஓர் உள்மெத்தையைப் பாதத்தினுள் வைத்துள்ளது. முதுமையினாலும் நோயினாலும் இம்மெத்தை மெலியும்போதுதான் செயற்கை மெத்தையின் தேவை மிகுகின்றது.

வளைவு இருப்பதனால் உள்ளங்கால் முழுவதும் தரையைத் தொடுவதில்லை. நனைந்த பாதத்தைச் சீமெந்துத் தரையிற் பதித்தால் குதிகாலும் வெளிவிளிம்பும் முன்பாதமும் விரல் நுனிகளுமே பதிவதைக் காணலாம். உட்பக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கும். உடலின் பாரம் முழுவதும் அப்பதிவுகளின் வழியாகவே நிலத்தைச் சேர்கின்றது.

அமுக்கத்தின் கணக்கு

விசையைப் பரப்பினால் வகுத்தால் அமுக்கம் கிடைக்கும் என்பது பாடசாலை மாணவரும் அறிந்த விதி. ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அமுக்கம் மிகும். பெரிய பரப்பில் விழுந்தால் குறையும். ஊசியின் முனை துளைப்பதும் அதன் மறுமுனை துளையாதிருப்பதும் இதனாலேயே.

இவ்விதியைக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் பாதத்திற் பொருத்திப் பார்க்கலாம். அவளது நிறை 50 கிலோகிராம் எனவும் முதுகிலுள்ள கொழுந்தின் நிறை 10 கிலோகிராம் எனவும் கொள்வோம். நடக்கும்போது ஒரு கணத்தில் 60 கிலோகிராமும் ஒற்றைக் காலில் விழுகின்றது. தரையைத் தொடும் பரப்பு 100 சதுர சென்ரிமீற்றராயின், சராசரி அமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.6 கிலோகிராம். அடுத்த கணத்திற் குதிகால் மேலெழுகின்றது. இப்போது முன்பாதமும் விரல்களும் மட்டுமே தரையில் நிற்கும். பரப்பு 40 சதுர சென்ரிமீற்றராகச் சுருங்கினால் அமுக்கம் 1.5 கிலோகிராமாக உயரும். அப்பரப்பினுள்ளும் பாரம் சமமாகப் பரவுவதில்லை. விரல்களின் அடியிலுள்ள என்பு முனைகள் இரண்டொன்றின் கீழ் அது குவியும். பாரத்திற் பாதி 10 சதுர சென்ரிமீற்றரில் விழுந்தால் அமுக்கம் 3 கிலோகிராமாகிவிடும். பாரம் மாறவில்லை, பரப்பு சுருங்கியமையால் அமுக்கம் ஐந்து மடங்காயிற்று. ஒரு நாளில் அவள் 8000 அடிகள் வைத்தால் ஒவ்வொரு பாதமும் 4000 தடவை இதனைப் பொறுத்தாக வேண்டும்.

மலைச்சரிவிற் பாதம்

இக்கணக்குச் சமதரைக்கு உரியது. மலைநாட்டின் நிலமோ வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்திலும், அற்றன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்திலும் உள்ளவை. அவற்றைச் சூழ்ந்த தேயிலை மலைகளிற் சமதரை அரிது. மேல்நோக்கி ஏறும்போது பாரம் முன்பாதத்திலேயே தங்குகின்றது. இறங்கும்போது பாதம் செருப்பினுள் முன்னோக்கி வழுக்கி விரல்கள் நெருக்குண்கின்றன. நிரைகளின் வழியே சரிவுக்குக் குறுக்காக நடக்கும்போது ஒரு பாதத்தின் வெளிவிளிம்பும் மறுபாதத்தின் உள்விளிம்பும் பாரத்தை ஏற்கின்றன. கான்களைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் குதிகால் அதிர்கின்றது. கவ்வாத்து முடிந்த மலையிலோ மிலாறுகள் பாதத்தைக் குத்துவதற்குக் காத்திருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தோல் நாள் முழுவதும் ஈரத்தில் ஊறி மென்மையடைவதால் உராய்வைத் தாங்கும் வலிமையை அது இழக்கின்றது. தொழிற்சாலையிலும் மடுவத்திலும் வேலை செய்வோருக்கு ஏற்ற இறக்கம் இல்லையாயினும், கடினமான சீமெந்துத் தரையில் நெடுநேரம் நிற்கும் துன்பம் உண்டு.

தோட்டத்துப் பாதங்கள் வெறுமையாய் இருந்தமை முன்னரும் ஒரு பெருங்கேட்டுக்கு வழிவகுத்தது. மண்ணிலுள்ள கொழுக்கிப்புழுவின் இளம் பருவங்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை விளைவித்தன. அமெரிக்க றொக்பெல்லர் மன்றத்தார் 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களில் இந்நோய்க்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியமை வரலாறு. மருந்தும் மலசலகூடமும் அந்நோயைத் தணித்தன. ஆயினும் வெறுங்காலோடும், தேய்ந்து மெலிந்த இறப்பர்ச் செருப்போடும் மலை ஏறுவோரை இன்றும் காணலாம். தேய்ந்த செருப்பு நிலத்தின் ஈரத்தைச் சிறிது தடுக்கும், அமுக்கத்தைப் பங்கிடாது.

வேலூர் கண்ட உண்மை

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த போல் பிராண்ட் என்னும் ஆங்கிலேயச் சத்திரசிகிச்சை நிபுணர், 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளரின் கைகளும் கால்களும் அழிவதற்குக் காரணம், தசையை அந்நோயே தின்றுவிடுவதுதான் என அக்காலத்திற் பலரும் நம்பினர். பிராண்டும் அவர்தம் குழுவினரும் நோயாளரை நாள்தோறும் நுணுகி நோக்கினர். நோய் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை மரக்கச் செய்கின்றது. உணர்ச்சியற்ற உறுப்பை நோயாளர் தாமறியாமலே காயப்படுத்துகின்றனர். காயம் ஆறுமுன் அதன்மீதே நடக்கின்றனர். தசையை அழிப்பது கிருமியன்று, வலியின் இன்மையே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

வலியுள்ள மனிதன் கல் ஒன்று குத்தினால் உடனே காலை எடுத்து விடுகின்றான். நெடுந்தூரம் நடந்து பாதம் நோவெடுத்தால், தன்னை அறியாமலே நடையை மாற்றிப் பாரத்தை வேறிடத்துக்குக் கொண்டு செல்கின்றான். வலியற்றவனோ முதல் அடியையும் ஆயிரமாவது அடியையும் ஒரே இடத்தில் ஊன்றுகின்றான்.

அமுக்கம் பாதத்தை மூன்று வழிகளிற் கெடுக்கும் என்பதும் இவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. முதலாவது, சிறிய அமுக்கம் பல மணி நேரம் இடைவிடாது நிற்பது. இறுக்கமான சப்பாத்து இரத்த ஓட்டத்தைத் தடுத்து இத்தீங்கை விளைக்கும். இரண்டாவது, மிகப்பெரிய அமுக்கம் ஒரே கணத்தில் விழுவது. ஆணி, கண்ணாடித்துண்டு, மிலாறு என்பன இவ்வகையின. மூன்றாவது, நடுத்தரமான அமுக்கம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவது. இது யாவரும் அறியாத பகையாகும். பிராண்ட் 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், அங்கு எலிகளின் பாதங்களில் இதனைச் சோதித்தனர். சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் என்ற அளவான அமுக்கம் ஒருமுறை விழுந்தால் எத்தீங்கும் இல்லை. அதுவே நாளொன்றுக்கு 10,000 தடவை விழுந்தபோது, முதலில் வீக்கமும் வெம்மையும், பின்னர்ப் புண்ணும் தோன்றின. எண்ணிக்கையைக் குறைத்து ஓய்வும் கொடுத்தபோது தோல் தடித்துத் தன்னைக் காத்துக்கொண்டது. அமுக்கத்தின் அளவோடு அதன் எண்ணிக்கையும் ஓய்வின்மையும் சேர்ந்தே புண்ணை ஆக்குகின்றன.

இப்புண்களை ஆற்றும் முறையில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. கொழும்பின் புகழ்பெற்ற சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்ரோய் போல், 1930களில் இத்தகைய பாதப்புண்களுக்குச் சாந்துக்கட்டு இட்டுச் சிகிச்சை செய்தார் என மருத்துவ வரலாறு கூறும். பாதத்தோடும் காலோடும் ஒட்டி அமையும் சாந்துக்கட்டுப் பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் காலின் பக்கங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. புண்ணின் மீது குவியும் அமுக்கம் நீங்கவே புண் ஆறுகின்றது. இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது.

ஆனாற் கட்டை அவிழ்த்து வெறுங்காலோடு நடந்தவுடன் புண் மீண்டும் வந்தது. ஆற்றுவது மட்டும் போதாது, காப்பதும் வேண்டும் என்பதை உணர்ந்த வேலூர்க் குழுவினர் பலவகைப் பாதரட்சைகளைச் செய்து பார்த்தனர். அம்முயற்சியின் பயனாக நுண்கண் இறப்பர் உள்மெத்தை பயன்பாட்டுக்கு வந்தது. எண்ணற்ற சிறு காற்றறைகள் நிறைந்த இவ்விறப்பர், அமுக்கினால் இணங்கிக் கொடுத்து, விட்டால் மீண்டும் நிமிரும். வேலூருக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும் இப்பணியிற் பெரும்பங்கு கொண்டது.

உள்மெத்தை எவ்வாறு தொழிற்படுகின்றது?

உள்மெத்தை அமுக்கத்தைத் தணிக்கும் வழிகள் மூன்று. முதலாவது, பரப்பைப் பெருக்குதல். மெத்தை பாதத்தின் வடிவுக்கு இணங்கி, முன்பு தரையைத் தொடாதிருந்த வளைவின் உட்பக்கத்தையும் தாங்குகின்றது. மேற்காட்டிய கணக்கில் 100 சதுர சென்ரிமீற்றராய் இருந்த பரப்பு 125 ஆக விரிந்தால், சராசரி அமுக்கம் 0.6 இலிருந்து 0.48 ஆகக் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றது. பாதத்தின் அச்செடுத்து அதற்கேற்ப வார்க்கப்படும் மெத்தை இப்பணியைத் தட்டையான மெத்தையிலும் சிறப்பாகச் செய்யும். இரண்டாவது, அதிர்ச்சியைத் தணித்தல். மெத்தை அமிழும் சிறுபொழுதில் மோதல் பரந்து நிகழ்வதால் அதன் உச்சம் தாழ்கின்றது. மூன்றாவது, பாரத்தை இடம் மாற்றுதல். நோவுள்ள என்பு முனையின் கீழே மெத்தையைச் சிறிது குழித்து விடலாம். அல்லது அம்முனைக்குச் சற்றுப் பின்னே ஒரு சிறு திண்டு வைத்து, பாரத்தை அத்திண்டு ஏற்குமாறு செய்யலாம். திண்டு என்பு முனையின் பின்னே அமைய வேண்டுமேயன்றி அதன் நேர்கீழே அமையலாகாது. நேர்கீழே அமைந்தால் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையும்.

மென்மை மிகுந்தால் நன்மையும் மிகும் என எண்ணுதல் தவறு. பஞ்சு போன்ற மெத்தை உடலின் பாரத்தால் முற்றாக அமிழ்ந்து தட்டையாகிவிடும். பின்னர்ப் பாதம் கடினமான அடித்தட்டிலேயே நிற்கும். மரத்தாலான பாதுகையோ சிறிதும் இணங்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இணக்கமே வேண்டப்படுவது. இறப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவையில் ஏறத்தாழ 15 முதல் 20 வரையுள்ள நுண்கண் இறப்பர் இதற்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டது. இத்தகைய மெல்லிய பொருளை ஆணியும் முள்ளும் எளிதில் ஊடுருவுமாதலால், அதன் கீழே தடித்த இறப்பராலான அடித்தட்டு இன்றியமையாதது. வண்டிச் சக்கரத்தின் பழைய டயரும் இதற்குப் பயன்பட்டது. உள்ளே மென்மையும் வெளியே வன்மையும் என்பதே இக்காலணியின் தத்துவம். உணர்ச்சியற்ற பாதத்துக்கான செருப்பில் ஆணி அடித்தல் ஆகாது. பசையாலும் தையலாலுமே பொருத்துதல் வேண்டும். கழன்று விழுவதைப் பாதம் அறியாதாதலால் குதிகாலைச் சுற்றிய பட்டியும் வேண்டும்.

இறுகிய சப்பாத்தினுள் உள்மெத்தையைத் திணித்தல் பெருந்தவறு. உள்ளிடம் குறைவதால் பாதத்தின் மேற்புறமும் விரல்களும் நசுங்கி, கீழே தணிந்த அமுக்கம் மேலே தோன்றும். மெத்தைக்குப் போதிய ஆழமுள்ள சப்பாத்தையே தெரிதல் வேண்டும். நாட்பட்ட மெத்தை தட்டையாகித் தன் பண்பை இழப்பதால் அதனைக் காலத்துக்குக் காலம் மாற்றுதலும் இன்றியமையாதது. தட்டைப் பாதம் உடையோர் அனைவருக்கும் உள்மெத்தை வேண்டும் என்பதும் இல்லை. நோவு இல்லாத தட்டைப் பாதம் நோயன்று.

நீரிழிவும் தோட்டப்புறமும்

தொழுநோய்க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டிற் பரிந்துரைத்ததிலிருந்து அந்நோய் பெரிதும் தணிந்துள்ளது. ஆனால் உணர்ச்சியற்ற பாதம் உலகை விட்டு நீங்கவில்லை. அதனை இன்று பெருவாரியாக விளைவிப்பது நீரிழிவு. இரத்தத்திற் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருப்பின் பாதத்தின் நரம்புகள் பழுதடைகின்றன. குருதிக் குழாய்கள் குறுகுவதால் வந்த புண் ஆறுவதும் அரிதாகின்றது. நீரிழிவு உடையோருள் நூற்றுக்கு 19 முதல் 34 பேர் வரை தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப்புண்ணுக்கு ஆளாகக்கூடும் என 2017ஆம் ஆண்டில் வெளிவந்த மருத்துவ ஆய்வுரை ஒன்று மதிப்பிட்டது. வேலூரில் தொழுநோயாளருக்கெனக் கண்ட முறை இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளருக்குப் பயன்படுவது இதனாலேயே.

ஒருகாலத்தில் நகரத்துச் செல்வரின் நோய் எனப்பட்ட நீரிழிவு இப்போது லயங்களிலும் குடிபுகுந்துள்ளது. நகரத்து உத்தியோகத்தர் ஒருவர் புண்ணோடு நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யலாம். கொழுந்து பறிப்பவளுக்கு அது இயலாது. மலையில் ஏறாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஆதலால் வலியும் இல்லாத புண்ணோடு அவள் மலை ஏறுகின்றாள். கால் போனால் தொழிலும் போகின்றது. தோட்டத்துக் குடும்பத்துக்கு உள்மெத்தை ஆடம்பரப் பொருளன்று, சீவனோபாயத்தின் காவல் என்பது இங்கு வலியுறுத்தற்பாலது.

பாதத்தின் உணர்ச்சியை அறிதல் எளிது. 10 கிராம் விசையில் வளையும் நைலோன் இழை ஒன்றை உள்ளங்காலிற் பல இடங்களிற் பதித்து, நோயாளர் அதனை உணர்கின்றாரா என வைத்தியர் சோதிப்பர். உணராதவரே உள்மெத்தையின் தேவை மிகுந்தவர். அவர் தம் பாதத்தைக் கண்ணால் நோக்கியே காத்தல் வேண்டும். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டார் துணைகொண்டோ பார்த்தலும், செருப்பை அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல்லோ ஆணியோ உண்டா எனத் தடவிப் பார்த்தலும், சிவந்த அல்லது சூடான இடம் தென்பட்டால் நடையைக் குறைத்து வைத்தியரை நாடுதலும் கடமைகளாகும்.

உள்மெத்தை பயன் தருவது அதனை அணிந்திருக்கும்போது மட்டுமே. நெதர்லாந்தில் நடைபெற்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை நன்கு காட்டிற்று. அமுக்கத்தை அளந்து திருத்திய சப்பாத்துகளைப் பெற்றவர்களுள், தாம் வைத்த அடிகளிற் பெரும்பாலானவற்றை அவற்றை அணிந்தே வைத்தவர்களிடம் புண் மீள்வது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அணியாது வைத்திருந்தவர்களுக்கு அந்நன்மை கிட்டவில்லை. இது தமிழ் மக்கள் சிந்திக்க வேண்டிய செய்தி. காலணியை வாயிலிற் கழற்றி வைத்து உட்புகுதல் நமது மரபு. உணர்ச்சியற்ற பாதம் உடையவர் வீட்டினுள் வைக்கும் அடிகளும் அடிகளே. அவருக்கு வீட்டில் மட்டும் அணிவதற்கென மெத்தையிட்ட தூய செருப்பு ஒன்று தனியே இருப்பின் மரபும் கெடாது, பாதமும் கெடாது. வெயில் ஏறிய கோயில் வீதியை வெறுங்காலோடு வலம் வருவதை அவர் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ வழிபடுதல் தகும்.

முடிவுரை

இறப்பர் மரக் கன்றுகள் 1876ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அன்று தொட்டு இலங்கை இறப்பர் விளைவிக்கும் நாடாக விளங்குகின்றது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் தேயிலை தாழும் இடத்தில் இறப்பர் தொடங்குகின்றது. அங்கு பால் வெட்டுவோருள்ளும் தமிழ்த் தொழிலாளர் பலர் உள்ளனர். உள்மெத்தைக்கு வேண்டிய மூலப்பொருள் தூரதேசத்து அரும்பொருள் அன்று. அதனை அளந்து வெட்டி ஒட்டும் திறன் மலைநாட்டு நகரங்களிற் சப்பாத்துத் தைக்கும் தொழிலாளரிடம் உண்டு. எவருக்கு எவ்விடத்தில் மெத்தை வேண்டும் எனக் காட்டும் வைத்திய அறிவும், அதனை மலிவாகக் கிடைக்கச் செய்யும் ஏற்பாடும் இவற்றோடு சேர்தலே குறை.

பாரத்தை எவராலும் முற்றாக நீக்கிவிட இயலாது. மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல் அது பாதத்தின் பங்காய் அமைந்தது. ஆனால் ஓரிடத்திற் குவியும் பாரத்தைப் பலவிடத்துக்கும் பகிர்ந்தளித்தல் இயலும். பகிர்ந்த பாரம் நோவதில்லை என்பதே உள்மெத்தை கற்பிக்கும் பாடம். மலைநாட்டின் பொருளாதாரத்தைத் தம் பாதங்களிற் சுமப்போருக்கு அப்பாடத்தின் பயன் விரைந்து சென்றடைதல் வேண்டும்.